மூத்திரப்பையை எடுக்கணும்னு சொல்லிவிட்டார்கள்: பெண்கள் முன்னால் இருக்கும் வழிகள்

மூத்திரப்பைப் புற்றுநோய் பெண்களுக்குக் குறைவாகத்தான் வருகிறது. மூன்று நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்பது உலகக் கணக்கு. ஆனால் வந்த பெண்களில் பலர் நோய் முற்றிய பிறகே யூராலஜி டாக்டரிடம் போய்ச் சேருகிறார்கள். ஏன் என்று திருநெல்வேலிச் சீமையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிறுநீர் சிவப்பாகப் போனால் முதல் மாதம் அது சூடு. நீராகாரம், இளநீர், ஊறவைத்த வெந்தயம். அடுத்த மாதம் நீர்க்கடுப்பு, மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை. மாதவிலக்கு நிற்கிற வயது என்றால் பழி கர்ப்பப்பைமேல் விழும். வலியே இல்லாமல் ரத்தம் போவதுதான் இந்த நோயின் வழக்கமான முதல் அடையாளம். வலி இல்லை என்பதாலேயே தள்ளிப்போடுகிறோம்.

இது அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு எழுதுவது. மூத்திரத் துவாரம் வழியாக ஸ்கோப் (கேமரா வைத்த குழாய்) போட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்து, பயாப்சி ரிசல்ட் வந்து, "தசை வரைக்கும் இறங்கியிருக்கு, பையை எடுக்கணும்" என்று சொல்லியாகிவிட்டது. தசைக்கு இறங்காவிட்டாலும், பி.சி.ஜி. மருந்தை மூத்திரப்பைக்குள்ளே செலுத்தியும் அடங்காத வீரியமான கட்டி என்றால் இதே பேச்சு வரும். இங்கிருந்து வீட்டில் ஒப்பீடு தொடங்குகிறது. முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் என் பெரியம்மைக்காக ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது பார்த்தேன்: மாமா, மதினி, பக்கத்து வீட்டு அக்கா, எல்லாருடைய ஒப்பீடும் ஒரே கேள்வியில் போய் முட்டி நிற்கும். மூத்திரம் பிடிக்க வயிற்றுக்கு வெளியே பை தொங்குமா, தொங்காதா? அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை முன்னால் வைத்துப் பார்த்தால் விடை மாறும் என்பது என் கட்சி.

எடுக்காமலே முடியாதா?

சிலருக்கு முடியும். கட்டியை ஸ்கோப் வழியாக முடிந்த மட்டும் வழித்தெடுத்துவிட்டு, கரண்ட் வைப்பதையும் (கதிர்வீச்சு) கீமோவையும் சேர்த்துக் கொடுப்பது ஒரு வழி. 4 வாரத்தில் 20 முறை, அல்லது ஆறரை வாரத்தில் 32 முறை கரண்ட். வெறும் கரண்டைவிட கீமோவும் சேர்ந்தால் மூத்திரப்பைக்குள் நோய் திரும்புவது குறைகிறது என்று 2012-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. 2023-ல் அமெரிக்கா, கனடா மருத்துவமனைகளின் 722 நோயாளிகளை வைத்து இந்த வழியையும் பையை எடுப்பதையும் ஒப்பிட்டார்கள். நோய் வேறிடம் பரவாமல் இருந்தவர்களின் விகிதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. ஆனால் அது சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல. பழைய பதிவுகளை எடுத்து ஒப்பிட்டது. அதில் சேர்த்தவர்களும் பொறுக்கி எடுத்தவர்கள்: ஒற்றைக் கட்டி, 7 செ.மீ.க்குள், இரண்டு பக்கச் சிறுநீரகமும் அடைபட்டு வீங்காதவர்கள், உட்சுவர் முழுக்க மேலோட்டமாகப் படர்ந்த புற்று இல்லாதவர்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். காப்பாற்றப்போகும் பை நல்ல பையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே சுருங்கிப்போய் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து ஓடவைக்கிற பையைக் கஷ்டப்பட்டுக் காப்பாற்றி என்ன காணப்போகிறோம்?

இந்த வழியின் விலை பின்னால்தான் தெரியும். முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கோப் போட்டுப் பார்க்க வேண்டும், பிறகும் விடாமல் தொடர வேண்டும். நோய் தசைக்குள் திரும்பினால் அப்போது பையை எடுக்கத்தான் வேண்டும். கரண்ட் பட்ட சதையில் கத்தி வைப்பது கடினம், குடலில் புதுப்பை கட்டும் வாய்ப்பும் குறைந்துவிடும். "ஒரு தடவையோட முடிச்சு விடுங்க, சும்மா சும்மா ஆஸ்பத்திரிக்கு என்னால வர முடியாது" என்கிற பெண்ணுக்கு இது சரிப்படாது. அறுவைக்குப் பின்னும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் உண்டு என்றாலும், இதில் ஒரு ஸ்கோப்பைத் தவறவிட்டாலே ஆபத்து.

பையை எடுப்பது என்று முடிவானாலும் உடனே தியேட்டருக்குக் கூட்டிப்போகாமல் முதலில் மூன்று நான்கு சுற்று கீமோ போடச் சொல்லலாம். "இழுத்தடிக்காவ" என்று வீட்டில் முணுமுணுப்பு எழும். இழுத்தடிப்பு இல்லை. சிஸ்பிளாட்டின் என்ற மருந்து சேர்ந்த கீமோவை முன்னால் கொடுத்தால் ஐந்து வருஷ முடிவில் நூற்றுக்கு ஐந்து பேர் கூடுதலாக உயிரோடு இருக்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே அந்த மருந்து. கீமோ இல்லை என்றால் அறுவையை மூன்று மாதத்துக்கு மேல் தள்ளக்கூடாது. "ஆடி கழியட்டும்", "மகள் கல்யாணம் முடியட்டும்" எல்லாம் இந்தக் கணக்கில் செல்லாது.

கூடவே எதெல்லாம் போகும்

ஆண்களுக்கான விளக்கத்தைப் பெண்களுக்கு அப்படியே சொல்லிவிட்டுப் போவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. பெண்ணுக்கு மூத்திரப்பையை எடுப்பது என்றால் பழைய முறையில் கர்ப்பப்பை, கருக்குழாய், இரண்டு சினைப்பை, சிறுநீர்த் துவாரக் குழாய், யோனியின் முன்சுவர் எல்லாம் சேர்ந்து போகும். இப்போது கட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்து, பின்சுவரிலோ கழுத்துப் பகுதியிலோ இல்லை என்றால், இவற்றில் சிலவற்றை விட்டுவைக்கிறார்கள்.

இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்குச் சினைப்பை இரண்டும் போனால் மறுநாளே மாதவிலக்கு நின்ற நிலை வந்துவிடும். உடம்பு தகிப்பு, தூக்கமின்மை, எலும்புத் தேய்வு. முன்சுவரை எடுத்துத் தைத்தால் யோனி குறுகும், நீளம் குறையும், தாம்பத்தியம் வலிக்கும். அறுபது வயதுப் பெண் என்றால் டாக்டரும் கேட்பதில்லை, மகனும் கேட்கமாட்டான், அவளும் வாய் திறக்கமாட்டாள். மகளோ மருமகளோ தனியே உட்கார்ந்து கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். விட்டுவைக்கும் உறுப்புக்கு வேறொரு பலனும் உண்டு: கர்ப்பப்பையும் யோனிச்சுவரும் பின்னால் தாங்கலாக இருந்தால், புதுப்பை பின்பக்கம் சரிந்து மடங்குவது குறையும். புற்று அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் மட்டும் இந்தப் பேரம் எதுவும் வேண்டாம். எடுக்க வேண்டியதை எடுக்கட்டும்.

சிறுநீர் எந்த வழியாக வெளியேறும்?

முதல் வழி பழையது. 1950-ல் பிரிக்கர் என்ற அமெரிக்க அறுவை நிபுணர் விவரித்து எழுதியதிலிருந்து உலகம் முழுக்கச் செய்கிறார்கள். சிறுகுடலில் 15-20 செ.மீ. துண்டை வெட்டி எடுத்து, இரண்டு சிறுநீரகக் குழாயையும் அதில் இணைத்து, மறுமுனையை வலப்பக்க வயிற்றில் துவாரமாக வெளியே கொண்டுவருவது. துவாரம் சிவப்பாக, ஈரமாக, ரோஜா மொட்டுபோல இருக்கும், தொட்டால் வலிக்காது. சிறுநீர் நிற்காமல் சொட்டிக்கொண்டே இருக்கும். அதன்மேல் ஒட்டும் வெளிப்பையை மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூன்றில் ஒரு பங்கோ பாதியோ நிறைந்ததும் அடியில் உள்ள குழாயைத் திறந்து காலி செய்ய வேண்டும்.

இரண்டாவது, புதுப்பை. 40 முதல் 60 செ.மீ. சிறுகுடலை நீளவாக்கில் பிளந்து, உருண்டையாகத் தைத்து, பழைய பை இருந்த இடத்திலேயே வைத்து சிறுநீர்த் துவாரத்தோடு இணைப்பது. வெளியே ஒன்றும் தெரியாது. கேட்டவுடன் எல்லாருக்கும் இதுதான் பிடிக்கும். ஆனால் குடலில் செய்த பைக்கு முட்டுவது தெரியாது. மணி பார்த்துப் போக வேண்டும்: முதலில் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரி அலாரம் வைத்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, மாதங்கள் கழிய மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். அதுவும் அடிவயிற்றை அமுக்கி, கீழ்ப்பக்கத் தசையைத் தளர்த்தி, உட்கார்ந்து முக்கினால்தான் வரும். பகல் கசிவு பலருக்கு ஆறு மாதம், ஒரு வருஷத்தில் கட்டுக்குள் வந்துவிடும். ராத்திரிக் கசிவு பலருக்கு நின்றபாடில்லை. பேட் வைத்துப் படுக்க வேண்டியிருக்கும்.

பெண்களுக்கு மட்டும் உள்ள சங்கடம் அடுத்தது. ஆண்களுக்குக் கசிவுதான் பெரிய தொல்லை; பெண்களுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு, பை காலியாகாமல் நின்றுபோவது. எத்தனை பேருக்கு என்பது ஆய்வுக்கு ஆய்வு ஏறி இறங்குகிறது. பத்தில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை சொல்கிறார்கள். அப்படி ஆனால் நாளுக்கு நாலைந்து தடவை தன் கையாலேயே சிறுநீர்த் துவாரத்தில் மெல்லிய டியூபை விட்டு எடுக்க வேண்டும். ஒரு மாதம், இரண்டு மாதம் என்றில்லை, காலம் முழுக்க. ஆகவே புதுப்பை வேண்டும் என்கிற பெண்ணிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு, டியூபைத் தானே போட்டுக்கொள்வாளா? கண் தெரிகிறதா, விரல் மடங்குகிறதா? வாத நோயில் விரல் கோணிய கைக்கு இது நடக்காது. அறுவைக்கு முன்னாலேயே நர்ஸ் முன்னிலையில் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது.

ஆசைப்பட்டாலும் கிடைக்காதவர்களும் உண்டு. மூத்திரப்பையின் கழுத்திலோ சிறுநீர்த் துவாரக் குழாயிலோ புற்று இருந்தால் முடியாது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் ஆகாது. குடல் பை சிறுநீரில் உள்ள உப்பையும் அமிலத்தையும் திரும்ப உறிஞ்சும், அதைச் சமாளிக்க நல்ல சிறுநீரகம் வேண்டும். நம் ஊரில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு, அது எத்தனை பேருடைய சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் அரித்திருக்கிறது என்பது கிரியாட்டினின் ரிப்போர்ட் வந்தபிறகுதான் தெரியும். புதுப்பை வைத்தவர்கள் சோர்வு, பசியின்மை என்றால் ரத்தத்தில் அமிலத்தைப் பார்க்க வேண்டும்; வருஷத்துக்கு ஒருமுறை பி12 பார்க்க வேண்டும், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரு துண்டு போய்விட்டதால் அந்தச் சத்து ஏறாமல் போகலாம்.

மூன்றாவது வழியை ஓரிரு வரியில் முடிக்கிறேன். வயிற்றுக்குள் பை, தொப்புளில் சின்னத் துவாரம், ஒட்டும் பை கிடையாது, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் விட்டு எடுப்பது. சிறுநீர்த் துவாரக் குழாயை எடுத்தே ஆகவேண்டும், ஆனால் வெளிப்பை வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு. செய்கிற டாக்டர்கள் குறைவு, அந்தத் துவாரம் குறுகியோ கசிந்தோ மறு அறுவைக்குப் போவது அதிகம். அதைச் சரிசெய்ய ராத்திரி எங்கே ஓடுவது என்று தெரியாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

இனி ஒரு நாள் கணக்கு. திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம். வெளிப்பைக்காரி ஏறுமுன் காலி செய்துவிட்டு, காலில் கட்டும் பெரிய பையை மாட்டிக்கொண்டால் இறங்கும்வரை கவலை இல்லை. புதுப்பைக்காரி கோவில்பட்டியிலோ சாத்தூரிலோ கழிப்பறை தேட வேண்டும், டியூப் போடுகிறவள் என்றால் அங்கே சுத்தமான தண்ணீரும் தேட வேண்டும். ராத்திரி வெளிப்பையோடு கட்டிலுக்கடியில் பெரிய பையை இணைத்துவிட்டால் விடியும்வரை தூங்கலாம்; புதுப்பைக்கு அலாரம். மறுபக்கமும் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் வேர்த்து ஒட்டு விடும், ஓரத்தில் கசியும், தோல் வெந்துபோகும். துவாரத்தைச் சுற்றி வயிறு பிதுங்கும் குடலிறக்கம் சிலருக்கு வரும். தண்ணீர்க்குடம் தூக்கும் பெண்கள் அதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு பை என்றாலும் மாதம் எட்டு ஒன்பது, ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய், ஆயுளுக்கும். கோலோபிளாஸ்ட், ஹாலிஸ்டர் என்று எந்தக் கம்பெனிப் பையானாலும், வாங்குமுன் துவாரத்தை அளந்துகொள்ள வேண்டும். முதல் ஆறு எட்டு வாரத்தில் அது சுருங்கும், பழைய அளவில் வெட்டிய ஓட்டை பெரிசாகி மூத்திரம் தோலில் படும். பை மாற்ற விடியற்காலை நல்லது, காப்பித் தண்ணீர் உள்ளே போகுமுன். அப்போதுதான் சொட்டுவது குறைவு.

பெரியம்மை வெளிப்பையைத்தான் எடுத்தாள். புதுப்பையைப் பற்றி விளக்கியதும் அவள் கேட்டது: "ஏட்டி, மணியடிச்சா ஒண்ணுக்குப் போறதுக்கு நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?" அவள் தரையில் கால் நீட்டி, மடியில் பீடித்தட்டை வைத்து, உட்கார்ந்த இடத்தில் அரைநாள் இருக்கிறவள். அவளுக்கு அது சரி. இதே கேள்வியைப் பாளையங்கோட்டையில் டீச்சர் வேலை பார்க்கும் 45 வயதுப் பெண்ணிடம் வைத்தால் விடை வேறாகலாம்: மணி அவளுக்குப் பழக்கம், பள்ளியில் பூட்டிக்கொள்ளக் கழிப்பறை உண்டு, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, விரல் ஓடுகிறது. அவளுக்கு நான் புதுப்பையைத்தான் சொல்வேன், டியூப் போடக் கற்றுக்கொள்வாள் என்றால்.

ஆய்வுகளும் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்லவில்லை. வாழ்க்கைத் தரத்தைக் கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், இதை எடுத்தவர்கள் அதை எடுத்தவர்களைவிடச் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று உறுதியாக நிறுவ முடியவில்லை. புற்று குணமாவதிலும், தகுந்தவர்களைப் பார்த்துச் செய்தால், வித்தியாசம் இல்லை.

கோயில், பள்ளிவாசல் பற்றி யாரும் டாக்டரிடம் கேட்பதில்லை, வீட்டில் அதுவே பெரிய பேச்சு. பை மூடியிருக்கிறது, வாடை வராது. ஆனித் தேர்க் கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியப்போவதில்லை. நிற்காமல் சிறுநீர் சொட்டுகிறவர்களுக்கு மார்க்கச் சட்டத்தில் தனிச் சலுகை உண்டு, ஒவ்வொரு தொழுகைக்கும் ஒளு எடுத்து (முகம் கை கால் கழுவி) தொழலாம். மேலப்பாளையத்துப் பெண்கள் தங்கள் ஆலிமிடம் தயங்காமல் கேட்கலாம். புண் ஆறியபிறகு தாமிரபரணியில் முங்கிக் குளிக்கலாம். குற்றாலத்தில் அருவிக்கு நேரே வயிற்றைக் காட்டி நிற்க வேண்டாம், அவ்வளவுதான்.

ரோபோ, ஊர், அட்டை

திறந்து செய்வதா, ரோபோவா என்பதற்கு வீடுகளில் செலவிடும் மூச்சு அதிகம். புற்றைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. ரோபோவில் ரத்தச் சேதம் குறைவு, நேரம் கூடுதல். 2022-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் முதல் 90 நாளில் ஆஸ்பத்திரிக்கு வெளியே கழித்த நாள் ரோபோக்காரர்களுக்கு 82, திறந்து செய்தவர்களுக்கு 80. அந்த இரண்டு நாளுக்காக நிலத்தை அடகு வைக்க வேண்டுமா என்று அவரவர் பார்த்துக்கொள்ளட்டும். இது பெரிய அறுவை. எப்படிச் செய்தாலும் முதல் மூன்று மாதத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சின்னதோ பெரியதோ ஏதாவது சிக்கல் வருகிறது.

எந்த ஊர் என்பது அதைவிட முக்கியம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி, மதுரை ராஜாஜி, சென்னை அடையாறு புற்றுநோய் மையம், வேலூர் சி.எம்.சி., நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. (வட்டாரப் புற்றுநோய் மையம்) என்று நம் பக்கத்து ஆட்கள் போகும் இடங்கள் தெரிந்தவைதான். எங்கே போனாலும் கேட்க வேண்டியது ஒன்று: இந்த அறுவை வருஷத்துக்கு எத்தனை, அதில் பெண்களுக்கு எத்தனை? அதிகம் செய்யும் இடத்தில் உயிரிழப்புக் குறைவு என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் வரை. மாநிலம் தாண்டுமுன் அங்கே செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளியிடம் மறைத்துவைத்து மகன்கள் மட்டும் டாக்டர் அறைக்குள் போய் முடிவெடுத்து வருவது இந்த நோய்க்கு உதவாது. டியூபோ பையோ, நாளைக்குக் கையில் எடுக்கப்போவது அவள். விழித்ததும் வயிற்றில் ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்து அதிர்ந்த பெண் பல மாதம் அதைத் தொடமாட்டாள், மருமகள்தான் மாற்ற வேண்டிவரும்.

துவாரம் எங்கே வர வேண்டும் என்பதை அறுவைக்கு முன்பே, படுக்க வைத்தல்ல, உட்கார வைத்துக் குறிக்க வேண்டும். பெரியம்மை படுத்திருந்தபோது தொப்புளுக்குக் கீழே வலப்பக்கம் தட்டையாக, நல்ல இடமாகத்தான் இருந்தது. சம்மணம் போட்டதும் அந்த இடம் மடிப்புக்குள் மறைந்துபோயிற்று. நர்ஸ் பேனாவை ஒரு விரற்கடை மேலே நகர்த்தினார். அங்கே பாவாடை நாடா அறுத்தது. கட்டுகிற இடத்திலேயே சேலையைக் கட்டச் சொல்லி, மருந்து ட்ரேயைக் கையில் கொடுத்து, "பெரியம்மா, தட்டை எங்கே வைப்பீங்க?" என்றார். "மடியிலதான் தாயி. பெறவு தலையிலயா வைப்பாவ?" ட்ரேயின் விளிம்பு இடிக்காத, குனிந்து பார்த்தால் அவள் கண்ணுக்கே தெரிகிற இடத்தில் கடைசியாகக் குறி விழுந்தது.

புதுப்பை என்று முடிவு செய்தவர்களும் இந்தக் குறியைப் போடாமல் தியேட்டருக்குள் போகக்கூடாது. வயிற்றைத் திறந்தபிறகு சிறுநீர்த் துவாரக் குழாயின் வெட்டு முனையை அங்கேயே உறையவைத்துப் பரிசோதிப்பார்கள். அதில் புற்று தெரிந்தால் புதுப்பை அந்த இடத்திலேயே கைவிடப்பட்டு, வெளிப்பை வைக்கப்படும். குறி இல்லாவிட்டால் மயக்கத்தில் மல்லாந்து கிடக்கும் வயிற்றில் கைக்கு வந்த இடம்தான் துவாரம். முந்தின நாள் சாயங்காலம் ரவுண்ட்ஸ் வரும்போது கேளுங்கள், மை அழியாமல் இருக்கிறதா என்று காலையில் இன்னொருமுறை பாருங்கள்.